வெட்டுப்பட்ட காசும் துலக்கிய ரூபாயும்

எங்கள் நெய்வேலிக் குவார்ட்டர்ஸ் பூஜை அலமாரியில் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. 1918இல் அடித்தது. ஒரு பக்கம் முடி சூடிய ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் ரூபாய் என்ற எழுத்தும் அதைச் சுற்றிப் பூவேலையும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்குவார், விபூதியால் இன்னொரு தேய்ப்பு தேய்ப்பார், பிறகு மஞ்சளும் குங்குமமும் வைப்பார். நாற்பது ஆண்டுக்கு மேல் இது நடந்தது. அப்பா சுரங்க வேலைக்குச் சேர்ந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த தகர டிரங்குப் பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில், அதே ஆண்டு ரூபாய் இன்னொன்று காகித மடிப்புக்குள் கிடந்தது. அதை யாரும் தொட்டதில்லை. வெளியே எடுத்தபோது கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் மயில்கழுத்து நீலம்.

இரண்டையும் மந்தாரக்குப்பத்தில் ஒரு வெள்ளிக் கடைக்காரரிடம் காட்டினேன். தராசில் போட்டார், இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார். பிறகு காசு சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பளபளத்ததை வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது வெள்ளிதான் சார், காசு இல்ல" என்றார். கறுத்ததை லென்ஸ் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ஐந்து நிமிடம் பார்த்தார். "இதைத் துலக்கிடாதீங்க" என்பதோடு, வெள்ளி விலைக்கு மேலே ஒரு தொகையும் சொன்னார்.

ஒரே ஆண்டு, ஒரே உலோகம். சட்டப்படி இரண்டும் 11.66 கிராம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த வெள்ளி. கணக்குப் போட்டால் சுத்த வெள்ளி 10.69 கிராம். அப்படியிருக்க, இரண்டுக்கும் நடுவில் விலையாக வந்து உட்கார்ந்த அந்தப் பொருள் எது? காசு உலகம் அதற்கு 'கிரேடு' என்று பெயர் வைத்திருக்கிறது. அது காசில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா என்பதில்தான் உலகெங்கும் கோடிக்கணக்கில் பணம் கைமாறுகிறது.

நெய்வேலிக்காரருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தோண்டியெடுக்கும் நிலக்கரியில் பாதி எடை தண்ணீராக இருக்கும் ஊர் இது. டன் கணக்கு மட்டும் சொன்னால் கதையாகாது, கிலோவுக்கு எத்தனை கிலோ கலோரி என்ற கேள்வி உடனே வரும். நம் பழுப்பு நிலக்கரிக்கு விலை போடும் முறை தனி. கறுப்பு நிலக்கரிக்கு 2012 தொடக்கம் முதல் ஜி1, ஜி2 என்று ஜி17 வரை பதினேழு படிகள். கிலோவுக்கு 7,000 கிலோ கலோரிக்கு மேல் என்றால் ஜி1. அங்கிருந்து படிக்கு 300 வீதம் இறங்கி, 2,200க்கும் 2,500க்கும் இடைப்பட்டது ஜி17. 4,010 காட்டிய சரக்கு ஜி11. 3,990 காட்டியது ஜி12. கொதிகலனுக்கு இந்த 20 கிலோ கலோரி வித்தியாசம் தெரியவே தெரியாது. பில்லுக்குத் தெரியும்.

படிக்கட்டின் குணமே அதுதான். பொருளின் தரம் சரிவாக இறங்குகிறது, விலையோ படி படியாகக் குதிக்கிறது. குதிக்கும் இடத்தில் சண்டை வருகிறது. சுரங்கம் ஜி11 என்று ஏற்றிவிடும், மின்நிலையம் ஜி12 என்று இறக்கிக்கொள்ளும். கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு மூன்றாம் ஆள் சரக்கில் மாதிரி எடுத்துச் சோதிக்க வந்தார். தன்பாத்தில் தலைமையகம் கொண்ட மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆய்வு நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. முதலில் பேச்சு, பிறகு எண், அதற்குப் பிறகு மூன்றாம் ஆள். காசு உலகமும் இதே வழியில், இதே வரிசையில்தான் நடந்துவந்தது.

பேச்சுக்கும் முந்தைய கட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தன், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று சிலர் பெயரில் 'வண்ணக்கன்' என்ற தொழிற்பெயர் ஒட்டியிருக்கிறது. நாணயம் சோதிப்பவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பாட்டெழுதும் அளவுக்குத் தமிழ் தெரிந்த காசுச் சோதகர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால் 'அன்றாடு நற்காசு' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அன்றைக்குச் செலாவணியில் உள்ள நல்ல காசு என்று அர்த்தம். நிலம் விற்றவர் வெறும் காசு கேட்கவில்லை, இந்தத் தரத்துக் காசு என்று கல்லில் வெட்டிவைத்துக் கேட்டார்.

அந்தத் தரம் உலோகத்தைப் பற்றியது. தேய்ந்த காசில் பொன் குறைந்துபோனது, ஆகவே மதிப்பும் குறைந்தது. அந்தக் குறைவுக்குப் பெயர் 'வட்டம்'. ஐரோப்பியர் ஆவணங்களில் வரும் 'பட்டா' இதற்கு நெருங்கிய உறவு. நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையின் பெயரிலேயே ஒரு வராகன் புழங்கியது: 'போர்ட்டோ நோவோ பகோடா'. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் நட்சத்திர வராகனைவிட அதில் மாற்றுக் குறைவு. வட்டம் பிடிக்காமல் யாரும் மாற்றிக் கொடுக்கமாட்டார்கள். சராப்புக் கடைக்காரரின் கையில் உரைகல்லும் தராசும் இருந்தன. லென்ஸ் அவருக்குத் தேவைப்படவில்லை. மந்தாரக்குப்பத்துக் கடைக்காரர் அந்த மரபின் நேர் வாரிசு. அவர் என்னை ஏமாற்றவில்லை. வேறொரு கேள்விக்குச் சரியான விடை சொன்னார், அவ்வளவுதான்.

புதிய கேள்வி உலோகத்தைப் பற்றியது அல்ல, மேல்தோலைப் பற்றியது. காசு செலாவணியை விட்டு விலகி அலமாரிக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது. பழைய பாஷையில் அதற்கு அடைமொழிகள் உண்டு. நம் ஊர்ச் சேகரிப்பாளர் வாயில் இன்றும் இருப்பவை அவையே: எஃப் (ஃபைன்), வி.எஃப் (வெரி ஃபைன்), எக்ஸ்.எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்), ஏ.யு (ஏறத்தாழப் புழங்காதது), யு.என்.சி (புழங்காதது). இதில் ஒரு வேடிக்கை. 'ஃபைன்' என்பதை அழகு என்று புதியவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் நுணுக்கமெல்லாம் மழுங்கி, உருவரை மட்டும் ஒழுங்காக நிற்கும் காசுக்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்கப் பட்டியலில் 'குட்' என்றால் இன்னும் மோசம்: தலையின் நிழலும் ஆண்டும் தெரிந்தால் போதும். காசு வியாபாரத்தில் நல்லது என்றால் நல்லது இல்லை.

அடைமொழிக்குப் பதில் எண் வைத்தவர் வில்லியம் ஷெல்டன். தொழிலால் உளவியலாளர், மனித உடல்வாகை மூன்று கூறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஏழுவரை மதிப்பெண் போட்டவர். அதே கையால் 1949இல் பழைய அமெரிக்க செப்புச் சென்ட்டுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல். எதற்கு எழுபது? அது தர அளவாகப் பிறக்கவே இல்லை, விலைக் கணக்காகப் பிறந்தது. ஒரு வகைச் சென்ட்டின் அடிநிலைக் காசு ஒரு டாலர் போனால், குறையே இல்லாத காசு எழுபது டாலர் போகும் என்பது அவர் போட்ட கணக்கு. சந்தை சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கைக் காலில் போட்டு மிதித்துவிட்டது. எண் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் காசின் நெற்றியில் ஒட்டப்படும் எண், பொய்த்துப்போன ஒரு விலைச் சூத்திரத்தின் மிச்சம்.

ஷெல்டனைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் நகர முடியாது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட உயர்தரச் சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்துவிட்டார் என்பது அவர் காலமான பிறகு தெரியவந்தது; நீதிமன்றம் வரை போனது. எந்தக் காசு ஒரு படி உசத்தி என்று அவரைவிடத் தெரிந்தவர் அன்று யார்?

1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் இந்த எண்முறையை ஏற்று நூலாக வெளியிட்டது. அப்போது புழங்காத காசுக்கு மூன்றே படிகள்: 60, 65, 70. இன்று அறுபது முதல் எழுபது வரை எல்லா எண்களும் உண்டு, பதினோரு படிகள். கண்ணின் கூர்மை பத்தாண்டுகளில் இத்தனை மடங்கு வளர்ந்துவிடாது. வளர்ந்தது விலைக்கும் விலைக்கும் இடையிலான தூரம். அந்தத் தூரத்தில் சண்டை வந்தது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற நிறுவனங்கள் மூன்றாம் ஆளாக வந்து உட்கார்ந்தன. காசைப் பார்த்து, எண் போட்டு, திறந்தால் உடையும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தந்தன. சேகரிப்பாளர் இதை 'ஸ்லாப்' என்பார். அதற்குப் பிறகு காசைக் கையில் தொடாமலே, பார்க்காமலே வாங்கலாம் என்ற நிலை. பங்குச் சந்தைப் பணம் உள்ளே புகுந்து, 1989இல் விலையை உச்சிக்கு ஏற்றிவிட்டு வெளியேறியது. ஸ்லாப் நம்பிக்கையைக் கொடுத்தது. விலை நிலைக்கும் என்று அது யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

இந்தப் பெட்டிகளில் அதிகம் அடைபட்ட காசுகளில் ஒன்று மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயம். அதற்கும் எங்கள் வீட்டு ரூபாய்க்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. முதல் உலகப் போரின் நடுவில், இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குப் பெரும் தட்டுப்பாடு. காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் கையேந்தியது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா நிறைவேற்றிய பிட்மன் சட்டத்தின் கீழ் 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 26 கோடி டாலரின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்காக வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அச்சு ஓயாமல் ஓடியது. 1918 ரூபாய் கோடிக்கணக்கில் கிடைப்பதற்கும், சில ஆண்டு மார்கன் டாலர்கள் அரிதாகிப் போனதற்கும் பின்னால் இருப்பது ஒரே கதை.

மார்கன் டாலரில் படிக்கட்டின் உயரத்தை நேரில் பார்க்கலாம். 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஏராளமாகப் புழங்கித் தேய்ந்தது. தேய்ந்ததைச் சில பத்து டாலருக்கு இன்றும் வாங்கலாம். அதே காசு புழங்காமல், அறுபத்தைந்தாம் படியில் இருந்தால் ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டிவிடும். காசு அரிதல்ல, நல்ல நிலையில் உள்ள காசுதான் அரிது. கூடவே ஒரு எச்சரிக்கை: உச்ச விலையெல்லாம் தரத்தால் வந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2021இல் ஒரு கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் போன 1933ஆம் ஆண்டு இருபது டாலர் பொற்காசுக்கு எண் 65தான். தனியார் கையில் வைத்திருக்கச் சட்டம் அனுமதித்த ஒரே பிரதி என்பதுதான் அங்கே விலை. எண் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் யாரும் கையை மடக்கியிருக்கமாட்டார்கள்.

படி இவ்வளவு உயரம் என்றால் ஏறிப் பார்க்க ஆசை வராதா? 64 போட்டு வந்த காசைப் பெட்டியை உடைத்து எடுத்து, மறுபடி அனுப்பி, 65 வரும்வரை முயல்வது அங்கே ஒரு தனித் தொழில். ஒரே காசு மூன்று தடவை எண்ணப்பட்டு, 'இந்தத் தரத்தில் உலகில் இத்தனை' என்ற பட்டியலே வீங்கிவிடுகிறது. 2007இல் இன்னொரு நிறுவனம் வந்தது. அதன் வேலை, பெட்டிக்குள் இருக்கும் காசு அதன் எண்ணுக்கு உண்மையிலேயே தகுதியானதா என்று பார்த்து, ஆம் என்றால் பெட்டியின் மேல் பச்சை ஒட்டு ஒட்டுவது. சோதகருக்கே சோதகர்! ஒட்டு உள்ள பெட்டி ஒட்டில்லாத பெட்டியைவிட விலை கூடுதல்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே பெரும்பாலான விற்பனை இன்னும் பேச்சில்தான் நடக்கிறது. மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஏல நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் தாங்களே தரம் எழுதுகின்றன. வாங்குபவர் அந்த நிறுவனத்தின் பெயரை நம்பிக் கை தூக்குகிறார். சின்னச் சந்தையில், பள்ளி மைதானக் கண்காட்சியில், கைபேசிக் குழுக்களில் விற்பவர் சொல்வதே தரம். வாங்கும்போது வி.எஃப், விற்கும்போது எக்ஸ்.எஃப் என்று காசு ஒரே இரவில் தேறிவிடுகிறது. தேய்ந்த காசு மறுபடி முளைக்கும் அதிசயம் இது ஒன்றில்தான்.

அப்படியானால் அமெரிக்காவுக்கு அனுப்பிப் பெட்டியில் அடைத்து வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். என் ரூபாயை அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருட்கள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய நாணயம் தொன்மைப் பொருள்; தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. 1918 ரூபாய் 2018இலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு ஒரு வருஷத்துக் காசு இப்படித் தாண்டிக்கொண்டே இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டே அனுப்பக்கூடிய பிற்காலக் காசுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்: கட்டணம் டாலரில், போக வரத் தபால், காப்பீடு. கோடிக்கணக்கில் அடித்த காசுக்கு இந்தச் செலவு காசின் விலையையே தின்றுவிடும். ஒரு படி ஏறினால் கிடைக்கும் கூடுதல், செலவைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. நூறில் தொண்ணூற்றொன்பது காசுக்குத் தாண்டாது.

எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் தஞ்சாவூர் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாயில் வந்தது. அது அலமாரிக் காசு அல்ல. வடலூர் பஸ் கண்டக்டர் பையிலும் மெயின் பஜார் மளிகைக் கல்லாவிலும் குலுங்கித் திரிந்த காசு. இன்று எடுத்துப் பார்த்தால் உயர்ந்து நிற்கும் இடங்கள் முதலில் மழுங்கியிருக்கும், ஓரத்தில் அடி விழுந்திருக்கும். முகமதிப்புக்கு மேல் அதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அன்றைக்கே வங்கியில் வாங்கி, யாரோ ஒருவர் உறையில் போட்டு மறந்த காசு இருக்குமே, அதைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார். நினைவுக்காசு என்று நாணயசாலை உறையோடு விற்பது வேறு கணக்கு: தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்காக வந்த ஆயிரம் ரூபாய் வெள்ளிக் காசு பிறந்ததே உறைக்குள். அதை வாங்கிய எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதில் தரத்துக்குத் தனி விலை எங்கிருந்து வரும்?

இப்போது புளிக்கு வருகிறேன். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். அது மேலே படியும் மிக மெல்லிய சல்ஃபைடு படலம். மெதுவாக, சீராகப் படிந்தால் அடியில் இருக்கும் உலோகத்துக்கு ஒரு போர்வை மாதிரி. சேகரிப்பாளர் 'டோனிங்' என்று விலை கூட்டிக் கொடுப்பது இதற்கு. புதுக் காசின் ஒளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் துலக்குவதில் என்ன போகிறது என்று விளங்கும். அச்சு ஓங்கி இறங்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு கணம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளாக மேற்பரப்பில் உறைந்துவிடுகிறது. காசைச் சாய்த்தால் வெளிச்சம் சக்கரத்தின் ஆரம்போலச் சுழல்வது அந்தக் கோடுகளால். புளியின் அமிலம் கறையைக் கரைக்கும். விபூதி அந்தக் கோடுகளையே இழைத்து எடுத்துவிடும். பிறகு வரும் பளபளப்பு பாத்திரத்தின் பளபளப்பு, காசின் ஒளி அல்ல. லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் ஆயிரம் முடிக்கீறல். என் நண்பர் ஒரு நொடியில் பார்த்தது அதைத்தான்.

கெடுதல் துலக்குவதோடு நிற்பதில்லை. காசுமாலைக்காகக் காது பற்றவைத்து எடுத்த தழும்பு, தாலிக்கொடியில் கோக்கப் போட்ட துளை, இவை இருந்தால் கிரேடு நிறுவனங்கள் எண்ணே போடாது. 'சேதம்' என்று எழுதி அனுப்பிவிடும். ஆசையாக வாங்கிவைக்கும் மலிவுப் பிளாஸ்டிக் ஆல்பமும் ஆபத்து. பிவிசி உறையிலிருந்து கசியும் மென்மையாக்கி காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். இங்கே கொடியில் காயும் வேட்டியில் படிகிற தூசை அறிந்தவர்களுக்கு, துணியால் துடைப்பதும் தேய்ப்புதான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: காசு உண்மையா? கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்த செப்புக்காசு நம் பகுதியில் பல வீட்டில் இருக்கிறது. லட்சம் போகும் என்று ரகசியமாகக் காட்டுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. சிலவற்றில் ஆண்டு 1616 என்றுகூட இருக்கும். யோசிக்காமல் அடித்தவர் கைவரிசை. இதையே அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு என்று 'ரைஸ் புல்லிங்' கும்பல் விற்கிறது, போலீஸ் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. பழைய ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாக வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. இந்த மோசடிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று: காசு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது இயந்திரம் அடித்த காசுக்குப் பொருந்தும். ஷெல்டன் அளவுகோலின் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: அச்சிலிருந்து விழும்போது எல்லாக் காசும் ஒன்றுபோல முழுமை, பிறகு நடப்பதெல்லாம் இழப்பு. கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசு பிறக்கும்போதே கோணல். ராஜராஜன் செப்புக்காசில் பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதைத் தேய்மானம் என்பதா, பிறவிக் குணம் என்பதா? என்ஜிசியே பழங்காலக் காசுக்கு எண்ணைக் கைவிட்டு அடைமொழிக்குத் திரும்பியது. கூடவே அடிப்புக்கு ஐந்துக்கு எத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு எத்தனை என்று தனித்தனியே போடுகிறது. திருக்கோவலூர்ப் பக்கம் தென்பெண்ணை ஆற்றுமணலில் கிடைத்த மலையமான் காசுகளை எந்தப் படியில் நிறுத்துவது? இரண்டாயிரம் ஆண்டு ஆறு உருட்டியவை. அதில் குதிரை தெரிகிறதா, மறுபக்கக் குறி தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கரூர் அமராவதிக் கரையில் கிடைத்த சேரர் காசில் 'மாக்கோதை' என்ற எழுத்து வாசிக்கக் கிடைத்தால், மற்ற பக்கம் அரித்துப்போயிருந்தாலும் அது வரலாற்றில் ஒரு வரி.

எல்லாவற்றையும் புரட்டிப்போடும் காசு புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்தது. 1898இல் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானைக்குள் 501 ரோமானியப் பொற்காசுகள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அவற்றைப் பற்றி எழுதினார். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. வேண்டுமென்றே போட்ட வெட்டு. இனிக் காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று காட்டவா? அயலான் தலை அதிகாரமாக நம் மண்ணில் நடமாடக் கூடாது என்றா? அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இன்றைய கிரேடு அட்டையில் இந்தக் காசுக்கு 'சேதம்' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. வெட்டில்லாத ரோமானியப் பொற்காசு உலக அருங்காட்சியகங்களில் எத்தனையோ இருக்கிறது. அவை ரோமைப் பற்றிச் சொல்லும். தமிழகத்தில் ஒருவர் அந்தக் காசைக் கையில் எடுத்து என்ன நினைத்தார் என்பதைச் சொல்வது அந்த வெட்டு ஒன்றுதான்.

அப்படியென்றால் அம்மா துலக்கிய ரூபாயிலும் நாற்பது ஆண்டு வெள்ளிக்கிழமைகள் எழுதியிருக்கின்றனவே என்று கேட்கலாம். எழுதியிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரே ஒரு வாசகன் உள்ள எழுத்துக்குச் சந்தை விலை கிடையாது.

என் தீர்ப்பு இது. இயந்திரக் காசு வாங்குகிறவர் தரத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். ஆகவே தரம் பார்க்கத் தானே பழக வேண்டும். பத்து மடங்கு லென்ஸும் ஜன்னல் வெளிச்சமும் போதும். பெட்டியில் ஒட்டிய எண்ணை இன்னொருவரின் கருத்து என்று எடுத்துக்கொள்ளலாம். போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. கையால் அடித்த பழங்காசு என்றால் எண்ணை மறந்துவிட்டு, காசில் என்ன படிக்க முடிகிறது என்று பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து புதையலாகக் கிடைத்தது என்றால் விலையே பேச வேண்டாம்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அம்மாவின் ரூபாய் அலமாரிக்கே திரும்பிவிட்டது. கறுத்தது காகித மடிப்பிலிருந்து அமிலமில்லாத உறைக்கு மாறி, டிரங்குப் பெட்டியிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கறுத்த ரூபாய் எங்காவது கிடக்கும். கண்டெடுத்தால் அப்படியே விட்டுவிடுங்கள்; புளி குழம்புக்கு இருக்கட்டும்.